சித்தி மகள் அனுப்பிய பட்டியல்

போன வாரம் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். கீழே ஒரு வரி: "அக்கா, இதுல எதெல்லாம் வாங்கணும்னு டிக் போட்டு அனுப்பு." எண்ணிப் பார்த்தேன், 43 பொருள். தொட்டில் கட்டிலில் தொடங்கி, வைப்ஸைச் (பிள்ளையைத் துடைக்கும் ஈரத் துணி) சூடாக்கும் பெட்டி வரைக்கும் இருந்தது. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு நாகர்கோவில் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆர்டர் போட்டது நானும்தான். "இப்ப ஒண்ணும் வாங்காதே, நான் விவரமா எழுதுறேன்" என்று பதில் போட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன், அவளைப் போல மற்றவர்களும் இருப்பார்கள் என்பதால்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டியல் பிள்ளைக்காகப் போட்டது போலத் தெரியும், உண்மையில் அது நம் பயத்துக்குப் போட்ட பட்டியல். ஏழாம் மாதத்துக்கு மேல் தூக்கம் சரியாக வராது, கையில் போன் இருக்கும், தலை உருண்டையாக வராமல் போய்விடுமோ, பால் ஊறாமல் போய்விடுமோ, கட்டிலில் இருந்து விழுந்துவிடுமோ, நடக்க நாளாகிவிடுமோ என்று மனசு ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கும். அந்த ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு சாமான் விற்பனைக்கு இருக்கிறது. நான் பிள்ளை பிறப்பதற்கு முன்பே கிட்டத்தட்ட 38,000 ரூபாய் செலவு செய்திருந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை தடுக்கவில்லை, அவருக்கும் அதே பயம்தான்.

அதில் ஒரு பெரிய செலவு ஸ்ட்ரோலர், பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டி, 7,500 ரூபாய். எனக்குப் பேறுகாலம் பார்த்தது அம்மா வீட்டில், வேர்கிளம்பிப் பக்கம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் வீடு எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ரோட்டில் இருந்து வீட்டுக்குச் செம்மண் சரிவு, இரண்டு பக்கமும் ரப்பர் மரம், மழை பெய்தால் நடுவில் ஓடை. அந்தச் சரிவில் முதல் தடவை தள்ளிக்கொண்டு இறங்கியபோதே முன் சக்கரத்தில் சேறு அப்பி, உருளாமல் நின்றுவிட்டது. அப்பா ஒரு கையில் வண்டியையும் நான் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். சரி, நாகர்கோவிலுக்குப் போன பிறகு ஓட்டலாம் என்று நினைத்தேன். வடசேரியில் எந்த நடைபாதையில் ஓட்டுவது? பைக் நிற்கும், கடைப் பலகை இருக்கும், சாக்கடை மூடி பெயர்ந்து கிடக்கும். மொத்தத்தில் அது உருண்டது திருவனந்தபுரத்தில் ஒரு மாலில், ஒரே ஒரு சாயங்காலம். அடுத்த ஆனி, ஆடி மழைக்கு அதன் இருக்கைத் துணி முழுக்கப் பச்சையாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது, ஸ்பாஞ்சு வைத்துத் தைத்த எதையும் சும்மா மூலையில் வைத்தால் இதுதான் கதி. இங்கே பிள்ளையைத் தூக்க இடுப்பும் தோளும்தான். வேண்டுமானால் நல்ல பருத்தித் துணியில் மார்போடு சேர்த்துக் கட்டும் கேரியர் ஒன்று வாங்கலாம், அது எனக்குப் பயன்பட்டது.

பிள்ளைக்குக் கம்பி வைத்த மரக் கட்டில் 9,000 ரூபாய். அம்மா வீட்டு அறையில் அதைப் போட்டதும் நடக்க இடம் இல்லை. ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்க வேண்டிய பிள்ளையை அந்தக் கம்பிக்கு மேலே குனிந்து தூக்க, தையல் போட்ட வயிற்றோடு என்னால் முடியவே இல்லை. என் பாய்க்குப் பக்கத்தில் அவளுக்குத் தனியாகக் கட்டியான சின்ன மெத்தை, மல்லாக்கப் படுக்கை, மேலே கொசுவலை, அதுதான் கடைசிவரை ஓடியது. பகலில் தொட்டில். மாமியின் பழைய காட்டன் சேலையை உத்தரத்துக் கொக்கியில் போட்டுக் கட்டினார்கள். ஒன்று சொல்லணும், தொட்டில் நம் கண் முன்னால் இருக்கும் நேரத்துக்கு மட்டும்தான். பிள்ளை புரள ஆரம்பித்துவிட்டால் அதற்குள் திரும்பிக் குப்புற விழுந்து மூக்கு துணியில் அழுந்தும். எங்கள் குழந்தை டாக்டர் அதைக் கண்டிப்பாகச் சொன்னார். ராத்திரித் தூக்கத்துக்குத் தட்டையான, கட்டியான படுக்கைதான்.

தலையணையும் அப்படியே. கடுகு நிறைத்த தலையணை, நடுவில் குழி உள்ள தலையணை, இரண்டும் வாங்கினேன். ஒரு வயசு வரைக்கும் பிள்ளைக்குத் தலையணையே வேண்டாம், மெத்தையில் பொம்மை, கனத்த போர்வை, ஓரத்தில் சுற்றிக் கட்டும் மெத்தை எதுவும் வேண்டாம், மூச்சு முட்டும் என்றார் டாக்டர். அமெரிக்காவில் கட்டிலைச் சுற்றிக் கட்டும் அந்த மெத்தைத் துணியை 2022ல் சட்டம் போட்டே தடை செய்தார்கள். நம் கடைகளில் அது மெத்தை செட்டோடு சேர்ந்தே வருகிறது. தலை உருண்டையாக வர, விழித்திருக்கும்போது நாம் பக்கத்தில் இருந்து கொஞ்ச நேரம் குப்புறப் போட்டால் போதும், கழுத்தும் உறுதியாகும்.

வாக்கரைப் பற்றி, அதாவது பிள்ளை உள்ளே உட்கார்ந்து காலால் உந்தி நகரும் சக்கர வண்டியைப் பற்றி, கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். அதை நான் வாங்கவில்லை, ஒரு உறவினர் ஆசையோடு வாங்கி வந்தார், பாட்டு பாடும், விளக்கு எரியும். மகளுக்கு ஒன்பதாம் மாதம். காலையில் புட்டுக் குடத்தை அடுப்பில் இருந்து இறக்க ஒரு நிமிஷம் உள்ளே போனேன். மொசைக் தரையில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது, அப்புறம் அது நின்றது. வெளியே வந்து பார்த்தால் முன் சக்கரம் இரண்டும் வாசப்படியைத் தாண்டி அந்தரத்தில் இருக்கிறது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் கவிழ்ந்துவிட்டது. இரண்டு படிதான். நெற்றியில் வீக்கம், உதட்டில் ரத்தம். அந்த அரை மணி நேரம், ஆட்டோவில் அவளை மடியில் வைத்துக்கொண்டு போனது, இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, ஆனால் வாக்கரை இன்றைக்கே எடுத்துவிடு என்றார். காரணமும் சொன்னார். அதில் உட்கார்ந்தால் பிள்ளை நுனிக்காலால் உந்தும், தன் பாதத்தைத் தன்னால் பார்க்க முடியாது, தடுமாறி நின்று பழகும் வேலையே அதற்கு இல்லாமல் போகும், அதனால் நடை சீக்கிரம் வராது, தள்ளித்தான் போகும். கனடா நாட்டில் 2004லேயே இதை விற்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். நம் ஊரில் பிறந்தநாள் பரிசாக வருகிறது.

என் மகள் அடுக்களையில் கிடந்த பிளாஸ்டிக் முக்காலியைத் தள்ளித் தள்ளியே பதின்மூன்றாம் மாதம் நடந்தாள். உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்ன கணக்குப்படி 8 மாதத்தில் இருந்து 18 மாதத்துக்குள் எப்போது தனியாக நடந்தாலும் சரியே. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்தது என்று யாராவது சொன்னால் சந்தோஷம் என்று சொல்லிவிட்டுப் போய்விடு.

இனி பால் விஷயம். இதில்தான் பயம் அதிகம், ஏமாறுவதும் அதிகம். நான் பிள்ளை பிறக்கும் முன்பே நான்கு பால் புட்டி, புட்டியைச் சுத்திகரிக்கும் கரண்ட் மெஷின், ஒரு பால்பவுடர் டப்பா எல்லாம் வாங்கி அலமாரியில் அடுக்கியிருந்தேன். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த ஐந்தாம் நாள் ராத்திரி, மகள் விடாமல் அழுதாள். பிறக்கும்போது 3 கிலோ 100 கிராம், வீட்டுக்கு வரும்போது எடை குறைந்திருந்தது. பால் போதவில்லை, அந்த டப்பாவை எடுங்கள் என்று நானும் அழுதேன். அம்மா எடுக்கவில்லை. "விடியட்டும் மக்கா, நர்ஸம்மா வரட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் கிராம சுகாதார செவிலியர் வந்தார். என் மார்பையோ டப்பாவையோ பார்க்கவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்குது?" என்று கேட்டார். அம்மா பின்பக்கத்துப் புற அடுக்களையைக் காட்டினாள். ஐப்பசி மழை, வெளியே ஒன்றும் காயாது, அதனால் விறகு அடுப்புக்கு மேலே கொடி கட்டி, என் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்த துணிகளைக் காயப்போட்டிருந்தாள். வரிசையாக ஒன்பது துணி. ஒவ்வொன்றிலும் லேசான புகை மணம். செவிலியர் ஒன்று, இரண்டு என்று விரல் விட்டு எண்ணினார். "ஆறுக்கு மேல நனைச்சா பால் போதும்னு அர்த்தம். ஒன்பது இருக்கு. முதல் சில நாள் எடை இறங்கத்தான் செய்யும், பத்துப் பதினாலு நாளில் பிறந்த எடைக்குத் திரும்பிடும்" என்றார். பதின்மூன்றாம் நாள் தூக்கிப் பார்த்தபோது 3 கிலோ 200. பால்பவுடர் டப்பாவைப் பிரிக்காமலே வைத்திருந்து, கடையில் திருப்பிக் கொடுத்தோம்.

அன்றைக்கு அந்த டப்பா கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததுதான் ஆபத்து என்று இப்போது நினைக்கிறேன். புட்டிப் பால் ஒரு தடவை கொடுத்தால், அந்த வேளைக்குப் பிள்ளை மார்பை உறிஞ்சாது, உறிஞ்சாவிட்டால் பால் ஊறுவது குறையும், குறைந்தால் இன்னொரு புட்டி. இதை நம் அரசாங்கமும் அறிந்துதான் 1992ல் சட்டம் போட்டது, 2003ல் இன்னும் இறுக்கியது. பால்பவுடருக்கும் பால் புட்டிக்கும் இந்தியாவில் விளம்பரமே செய்யக் கூடாது, இலவசமாகக் கொடுத்து ஆசை காட்டக் கூடாது. உண்மையாகவே தேவைப்படும் அம்மாக்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பார், அதில் ஒரு குறையும் இல்லை. முன்கூட்டி வாங்கி வைக்காதே என்பதுதான் என் பேச்சு. நாகர்கோவிலில், தக்கலையில், மார்த்தாண்டத்தில் மருந்துக் கடைகளில் தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம். எடுத்து வைத்த தாய்ப்பாலைப் புகட்ட வேண்டி வந்தால்கூட பாலாடை (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) போதும், கழுவுவதும் எளிது, அடுப்பில் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டால் சுத்தம். சுத்திகரிப்பு மெஷின் 2,800 ரூபாய், இன்னும் அட்டைப் பெட்டியில் இருக்கிறது.

பால் எடுக்கும் பம்ப் மட்டும் எனக்கு வேண்டியிருந்தது. 2017 சட்டத் திருத்தப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது, அது முடிந்ததும் வேலைக்குப் போனேன். எடுத்த பாலை 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் 4 மணி நேரம் வைக்கலாம் என்பார்கள், நம் ஊர்ச் சூட்டுக்கு உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும், அங்கே 4 நாள் வரை இருக்கும். நீ வேலைக்குப் போகப் போவதில்லை என்றால் பம்பும் இப்போது வேண்டாம்.

துணி என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் சொல்கிறேன். எட்டாம் மாதத்தில் ஒரு மத்தியானம் அம்மா பெட்டியில் இருந்து பழைய வேட்டியையும் இரண்டு சாரத்தையும் (லுங்கி) எடுத்து, கரையைப் பல்லால் கடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். சர்ரென்று நேர்கோட்டில் கிழிந்தது. இருபது வருஷம் வெளுத்த துணி, கையில் எடுத்தால் கனமே தெரியாது. முழம் முழமாகக் கிழித்து, வெந்நீரில் போட்டு எடுத்துக் காயவைத்து, மடித்து அடுக்கினாள். நாற்பது துணி. கூடவே நாலு புதுத் துவர்த்து (மெல்லிய பருத்தித் துண்டு), குளிப்பாட்டித் துடைக்க. தொப்பி வைத்த குழந்தைத் துண்டு 600 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன், அது தண்ணீரை உறிஞ்சவும் இல்லை, மழையில் காயவும் இல்லை. துவர்த்து அரை மணி நேரத்தில் காயும். டயப்பரையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ராத்திரிக்கும் பயணத்துக்கும் டயப்பர்தான் எங்களைத் தூங்க வைத்தது. ஆனால் பிறக்கும் முன்பே பெரிய பெட்டியாக வாங்காதே. பிறந்த எடை ஐந்து மாதத்தில் இரண்டு மடங்காகும், சின்ன சைஸ் டயப்பரும் சின்ன உடுப்பும் பாதி அப்படியே நிற்கும். அதோடு 28ஆம் நாள் அரைஞாண் கட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் உடுப்புதான் கொண்டு வருவார்கள்.

அப்புறம் அந்தப் பரிசுப் பெட்டிகள். எங்களுக்கு வந்ததில் பவுடர் டப்பா மட்டும் பதினொன்று. பவுடர் பறந்து பிள்ளையின் மூச்சுக்குள் போகும், தொடை இடுக்கில் ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகி உராயும், போடவே வேண்டாம் என்றார் டாக்டர். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனமே டால்க் கலந்த குழந்தைப் பவுடரை 2020ல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023ல் உலகம் முழுக்கவும் நிறுத்தி, சோள மாவுப் பவுடருக்கு மாறிவிட்டது. லோஷன், கிரீம், மசாஜ் எண்ணெய் எல்லாவற்றுக்கும் பதில் எங்களுக்கு ஒரு பாட்டில் உருக்கெண்ணெய் இருந்தது. பாட்டி தேங்காய்ப் பாலை உருளியில் ஊற்றி, கசடு பொன்னிறமாகி எண்ணெய் தெளிந்து வரும்வரை பக்கத்தில் இருந்தே கிண்டிக் காய்ச்சியது. மேலுக்குத் தேய்க்க அது போதும்.

குளியல் டப்பும் ஒரு மூலையில்தான். பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து காலின் மேல் போட்டுத்தான் குளிப்பாட்டினாள். அவள் காலத்தில் கமுகம் பாளையில் கிடத்திக் குளிப்பாட்டுவார்களாம். நடக்காத பிள்ளைக்குச் செருப்பு, ஷூ வேண்டாம். வைப்ஸ் சூடாக்கும் பெட்டி நம் சூட்டு ஊருக்கு எதற்கு? பிள்ளை உணவு அரைக்கும் தனி மிக்சியும் வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் ஏத்தங்காயை (நேந்திரங்காய்) சீவிக் காயவைத்து இடித்துச் சலித்த மாவில் கஞ்சி, நன்றாகக் குழைத்த சோறு பருப்பு, நம் ஊர் வாழைப்பழமான மட்டிப்பழத்தைக் கரண்டியால் மசித்தது. 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் நம் வீட்டு முற்றத்திலேயே குலை தள்ளுகிறது, அதை விட்டுவிட்டு டப்பா உணவுக்கு ஓட வேண்டாம். கருப்பட்டி, சர்க்கரை இப்போதைக்கு வேண்டாம்.

பழசு எல்லாம் நல்லது என்றும் நான் சொல்லவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து எதுவும் ஆறு மாதத்துக்கு வாயில் போகக் கூடாது, தண்ணீர்கூட வேண்டாம். தாய்ப்பாலோடு டாக்டர் எழுதித் தரும் வைட்டமின் டி சொட்டு, ஒரு நாளைக்கு 400 யூனிட், அவ்வளவுதான். தேன் ஒரு வயசு வரை நாக்கில் தொட்டு வைக்கக்கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி பிஞ்சுக் குடலில் விஷம் உண்டாக்கும். காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, கண்ணில் மை எழுதுவது, தலையை மூக்கை அமுக்கிப் பிடித்துவிடுவது, இதற்கெல்லாம் பாட்டியிடம் நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். பாட்டிக்கு வருத்தம்தான், ஆனால் டாக்டர் சொன்னதாக அம்மா சொன்ன பிறகு விட்டுவிட்டாள்.

வேண்டியது என்ன என்று கேட்பாய். மாமா மகளுக்கு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் பிரசவம். அங்கே அரசு கொடுத்த குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தை அப்போது பார்த்தேன். 2015ல் தொடங்கிய திட்டம், 1,000 ரூபாய் மதிப்பில் 16 பொருள். துண்டு, உடுப்பு, சின்ன மெத்தை, கொசுவலை, நாப்கின், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, கை கழுவும் திரவம், அம்மாவுக்கு ஒரு சோப்பும் சுண்டி லேகியமும். அந்த ஒரு பையில் எங்கள் முதல் மூன்று மாதத்துக்குத் தேவைப்பட்டதில் முக்கால்வாசி இருந்தது. அதில் அம்மாவுக்கும் ஏதாவது வைத்திருந்தார்களே, அது எனக்குப் பிடித்தது. உன்னுடைய 43 பொருளில் உனக்கென்று ஒன்றுகூட இல்லை. அதோடு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் சேர்த்துக்கொள். மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் ராத்திரியோ பகலோ உடனே ஆஸ்பத்திரி, வீட்டு வைத்தியம் கூடாது. மெத்தை மேல் விரிக்க ஒரு ரப்பர் ஷீட். முடிந்தது.

மிச்சப் பணத்தை, முதல் இரண்டு மாதம் துணி துவைக்கவும் சமைக்கவும் ஒரு ஆள் வைக்கச் செலவு செய். சித்திக்கு முட்டுவலி இருக்கிறது, நாற்பது துணியைத் தினமும் அவளால் அலச முடியாது. எனக்கு மூன்றாம் வாரத்தில் தூக்கம் இல்லாமல் தலை சுற்றியபோது, 7,500 ரூபாய் ஸ்ட்ரோலர் அறை மூலையில் நின்றது, அம்மா கிணற்றடியில் நடுராத்திரி துணி அலசிக்கொண்டிருந்தாள். அந்தப் பணத்தில் அப்போது ஒருவரை வைத்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கருங்கலுக்கு வருகிறேன். மகள் பயன்படுத்திய கொசுவலையும் கேரியரும் கொண்டுவருகிறேன், வெந்நீரில் துவைத்துவிட்டேன். அம்மா இருபது துணி தனியாக எடுத்து வைத்திருக்கிறாள், மீதிக்குச் சித்தப்பாவின் பழைய வேட்டியை எடுத்து வைக்கச் சொல், வந்து கிழித்துத் தருகிறேன்.